அறுபதாம் கல்யாணப் பத்திரிகையைப் பொதுவில் போடலாமா?

கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் அப்பாவுக்கு வரும் ஆவணியில் அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. அதை முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி போட அவருக்கு ஆசை, நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். “ஊருக்கே தெரிஞ்ச விஷயத்துல என்ன ரகசியம்?” என்பது அவர் வாதம். பிறந்த தேதி ஒன்று கிடைத்தால் போதும், வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள் என்பது உங்கள் பயம். பத்திரிகையில் பிறந்த தேதி இல்லை, வருஷம் மாசம் நட்சத்திரம் மட்டும்தான் இருக்கிறது, அது பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா அரசு ஊழியர், பள்ளிச் சான்றிதழில் இருப்பது மே மாதத்துத் தேதி, அதன்படி போன மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றுவிட்டார் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதியதுபோல இருக்கிறது, ஆனால் என் பதிலில் பாதி அந்த வரியைச் சுற்றித்தான்.

நான் ஒரு வங்கியின் தகவல் பாதுகாப்புப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவள். மோசடிப் புகார்கள் வந்தால், பணம் எந்த வழியாகப் போனது, வாடிக்கையாளர் வாயிலிருந்து எதெல்லாம் வாங்கினார்கள் என்று பின்னோக்கிப் பார்ப்பதுதான் வேலை. எனக்கும் அறுபது ஆகிவிட்டது. ஆனால் நம் வழக்கத்தில் கணவருக்கு அறுபது நிறைந்தால்தான் பத்திரிகை அடிப்பார்கள், மனைவியின் அறுபதுக்கு யாரும் அடிப்பதில்லை. அந்த வகையில் என் பிறந்த தேதி பத்திரமாகவே இருக்கிறது. நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிக் கீழே சொல்வதை ஒரு வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். 

உங்கள் பயத்திலிருந்து தொடங்குகிறேன். பிறந்த தேதியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. இது உறுதி. பணம் நகரப் பெரும்பாலும் ஓடிபி வேண்டும், அல்லது யுபிஐ பின் எண், அல்லது கார்டும் அதன் பின் எண்ணும். அப்படியானால் அப்பா சொல்வது சரிதானே என்றால், அதுவும் பாதிதான் சரி. ஊருக்கே தெரிந்த தேதி என்பது உண்மை. ஊருக்கே தெரிந்த அந்தத் தேதியை நம் நிறுவனங்கள் பல இடங்களில் கடவுச்சொல்லாக வைத்திருக்கின்றன என்பதும் உண்மை. தொல்லை அங்கேதான்.

பதிவிறக்கம் செய்யும் இ-ஆதார் பிடிஎஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் திறக்கப் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் போதும். இது ரகசியமில்லை, ஆதார் ஆணையமே தன் தளத்தில் சொல்லித் தரும் விதி. அறுபதாம் கல்யாணப் பத்திரிகை அந்த இரண்டையும் தருகிறது. ஓர் ஆண்டின் வருமானம், பணப் பரிமாற்றங்களைத் தொகுத்துத் தரும் வருமான வரித் துறையின் ஏஐஎஸ் அறிக்கைக்குக் கடவுச்சொல் பான் எண்ணும் பிறந்த தேதியும். மாதாமாதம் மின்னஞ்சலில் வரும் வங்கி அறிக்கைகள், காப்பீட்டுக் கடிதங்கள் பலவற்றுக்கும் இதே மாதிரி ஏதோ ஒரு சேர்க்கைதான். இப்போது யோசித்துப் பாருங்கள். கடந்த ஐந்தாண்டில் அப்பா எத்தனை ஜெராக்ஸ் கடைகளுக்கு வாட்ஸப்பில் ஆதார் பிடிஎஃப் அனுப்பியிருப்பார்? அந்தக் கோப்புகள் அந்தக் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் அடைவில் இன்னும் இருக்கலாம். பூட்டிய கோப்பு ஒருவனிடம், அதைத் திறக்கும் எழுத்துகள் முகநூலில். இரண்டையும் ஒருவன் சேர்ப்பானா என்றால், பெரும்பாலும் மாட்டான். சேர்ப்பவனுக்கு அதிகச் சிரமம் இருக்காது என்பதுதான் என் கவலை.

அடுத்தது பின் எண். நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள் சாத்தியம். ஆனால் மக்கள் அவற்றைச் சமமாகத் தேர்ந்தெடுப்பதில்லை, பிறந்த நாளையும் ஆண்டையும் சுற்றியே தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2012-ல் இதை ஆராய்ந்தார்கள். திருடிய பர்ஸில் கார்டோடு பிறந்த தேதி போட்ட அடையாள அட்டையும் இருந்தால், 11 முதல் 18 பர்ஸுக்கு ஒன்றில் பின் எண்ணை ஊகித்துவிடலாம் என்று கணக்கிட்டார்கள். வங்கி எளிதான எண்களைத் தடுக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அந்த 11-ம் 18-ம். அது வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் பழக்கத்தை வைத்துப் போட்ட கணக்கு. நம் ஊரில் அதே விகிதம் வருமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கவுன்டரில் பெரியவர்கள் தங்கள் பின் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அழுத்துவதைக் கேட்டவரை, பத்தொன்பதில் தொடங்குபவை ஏராளம்.

நட்சத்திரம் மட்டும்தானே என்பதற்கு வருகிறேன். இது பலரும் கவனிக்காத இடம். உங்கள் பத்திரிகையில் பராபவ வருஷம், ஆவணி மாதம், கேட்டை நட்சத்திரம் என்று இருக்கிறது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. இந்த 2026-27 பராபவ, இதற்கு முந்தைய பராபவ 1966-67. மணமக்கள் படத்தைப் பார்த்தால் இவருக்கு 120 இல்லை என்பது தெரியும். ஆகவே ஆண்டு முடிந்தது. ஆவணி என்றால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. சந்திரன் எல்லா நட்சத்திரங்களையும் சுற்றிவர 27.3 நாள். தமிழ் மாதம் அதைவிடச் சில நாள் நீளம். ஆகவே ஒரு மாதத்தில் ஒரு நட்சத்திரம் ஒரு நாள் வரும், சிலவேளை மாதத் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று இரண்டு நாள் வரும். 1966-ம் ஆண்டுப் பஞ்சாங்கம் கைபேசியிலேயே கிடைக்கிறது. ஆங்கிலத் தேதி போடாமல் விட்டதால் நீங்கள் மறைத்தது எதுவுமில்லை. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த எவருக்கும் ஐந்து நிமிட வேலை.

இதே இடத்தில் ஒரு சின்ன விலகல். அறுபதில் கிரகங்கள் எல்லாம் பிறந்தபோது இருந்த இடத்துக்கே திரும்பி வரும் என்று சொல்வார்கள். வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 ஆண்டு, சனிக்கு 29.46. ஐந்து வியாழச் சுற்று 59.3 ஆண்டிலேயே முடிந்துவிடும், இரண்டு சனிச் சுற்று 58.9-ல். அறுபது நிறையும் நாளில் வியாழன் பழைய இடத்தைத் தாண்டி ஏறக்குறைய 21 பாகை, சனி 13 பாகை போயிருக்கும். ஒரு ராசி 30 பாகை என்பதால், பழைய ராசியிலோ அடுத்ததிலோ இருக்கும். வெறும் கண்ணால் பார்த்து, தொலைநோக்கி இல்லாமல், 12-க்கும் 30-க்கும் பொதுவான எண்ணைப் பிடித்து ஒரு வாழ்நாள் கணக்கை அமைத்தவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஜாதக பலனில் எனக்கு நம்பிக்கை கிடையாது. திருக்கடையூர் போக அது தடையுமில்லை. நானும் என் கணவரின் அறுபதுக்குப் போய் உட்கார்ந்தவள்தான்.

பிறந்த தேதி ஏன் இவ்வளவு வலிமையானது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயரை நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். பெயர் இல்லை, ஆகவே பாதுகாப்பு என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி 20 டாலர் கொடுத்து, ஆளுநர் குடியிருந்த, அதே மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். ஆளுநரின் பிறந்த தேதி அந்த நகரில் ஆறே பேருக்கு இருந்தது. அதில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் அவர் ஒருவர்தான். ஆளுநரின் மருத்துவப் பதிவு எது என்று கண்டுபிடித்தாயிற்று. பிறகு 2000-ல் ஸ்வீனி போட்ட கணக்கில், பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் தெரிந்தால் அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனியே பிரித்துவிடலாம் என்று வந்தது. 2006-ல் இன்னொருவர் அதே கணக்கை வேறு ஆண்டு மக்கள்தொகையை வைத்துப் போட்டபோது 63 விழுக்காடுதான் வந்தது. எண் எது என்பதில் சண்டை போடலாம். பாதிக்கு மேல் என்பதில் சண்டை இல்லை.

நம் ஊருக்கு அதைத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். நாட்டில் 19,000-க்கு மேற்பட்ட பின்கோடுகள், மக்கள்தொகை 140 கோடிக்கு மேல். சராசரியாக ஒரு பின்கோட்டில் எழுபதாயிரம் பேர் சொச்சம். அதில் ஆண்கள் பாதி. அறுபது வயதில் இருப்பவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அவர்களை 365 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு ஒருவர்தான் தேறுவார். இது முரட்டுக் கணக்கு. தாம்பரத்துக்கும் திருக்கடையூருக்கும் ஒரே எண் வராது. ஆனால் பத்திரிகையில் பெயரும், “நம்பர் இத்தனை, இன்ன தெரு” என்று முகவரியும் சேர்ந்தே இருக்கும்போது, இந்தக் கணக்குகூடத் தேவையில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையைத் தகவல் பாதுகாப்புக் கண்ணோடு படித்துப் பாருங்கள். தாத்தா பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிள்ளைகள், மருமக்கள், அவர்கள் எந்த ஊரில் என்ன வேலை, பேரன் பேத்தி பெயர், பூர்வீக ஊர், குலதெய்வம், தொடர்புக்கு இரண்டு கைபேசி எண்கள். வங்கியில் அடையாளம் சரிபார்க்கக் கேட்கும் கேள்விகளுக்கு எல்லாம் அதில் பதில் இருக்கிறது. தாயார் பெயர் என்ன என்று வங்கியிலிருந்து கேட்பார்கள், தெரியுமல்லவா? “ஸ்வர்கஸ்ரீ” என்று முன்னால் போட்டு அதையும் அச்சடித்திருப்போம்.

இப்போது அந்தக் கடைசி வரி. அப்பாவுக்குச் சான்றிதழ் தேதி வேறு. அவர் தலைமுறையில் இது அதிசயமே இல்லை. இப்போதுள்ள பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-ல். 1966-ல் வீட்டில் பிறந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால், தலைக்கு மேலாகக் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது ஆயிற்று என்று தலைமையாசிரியர் மே மாதத்திலோ ஜூனிலோ ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். அந்தத் தேதிதான் எஸ்எஸ்எல்சி புத்தகத்துக்குப் போய், பணிப் பதிவேட்டுக்குப் போய், பான், ஆதார் எல்லாவற்றிலும் ஏறியது. வங்கிக்குத் தெரிந்த உங்கள் அப்பா மே மாதத்தில் பிறந்தவர். பத்திரிகையில் இருப்பவர் ஆவணியில் பிறந்தவர். அந்தத் தலைமையாசிரியர் அறியாமலே உங்கள் குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்புச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து ஆவணித் தேதியைச் சொல்பவன் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுவான்.

ஆனால் ஆண்டு இரண்டிலும் 1966 என்றால் இ-ஆதார் விஷயத்தில் அந்தப் பாதுகாப்பு உதவாது. அதைவிட முக்கியமானது வேறு. அப்பா முகநூலில் கணக்குத் தொடங்கும்போது எந்தத் தேதியைக் கொடுத்தார்? அநேகமாகச் சான்றிதழ் தேதியைத்தான். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் “ஹேப்பி பர்த்டே அண்ணே” என்று நூறு பேர் அவர் பக்கத்தில் எழுதுகிறார்கள் என்றால், வங்கி கேட்கும் தேதி ஏற்கெனவே பொதுவில்தான் இருக்கிறது. நீங்கள் பத்திரிகைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

உண்மையில் எனக்குக் கவலை தருவது பிறந்த தேதியே அல்ல, அந்தப் பத்திரிகை சொல்லாமல் சொல்லும் இன்னொன்று. தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-ஆக இருந்தது. 2020-ல் 59, 2021-ல் 60 ஆனது. ஆகவே ஒரு அரசு ஊழியருக்கு அறுபதாம் கல்யாணம் என்றால், அதை ஒட்டிப் பணிக்கொடை, கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தமாக முன்கூட்டியே வாங்குவது), ஜிபிஎஃப் என்ற சேமநிதி, விடுப்புச் சம்பளம் எல்லாம் கைக்கு வந்திருக்கும் அல்லது வந்துகொண்டிருக்கும். வாழ்நாளில் அவ்வளவு பணம் ஒரே நேரத்தில் கணக்கில் கிடப்பது அப்போது ஒருமுறைதான். அதை எங்கே போடுவது என்று அவரே குழம்பிக்கொண்டிருப்பார். நான் பார்த்த பெரிய இழப்புகளில் கணிசமானவை ஓய்வு பெற்ற முதல் ஓராண்டுக்குள் நடந்தவை. இது என் மேசைக்கு வந்தவற்றை வைத்துச் சொல்வது, நாட்டுக்கே பொருந்தும் புள்ளிவிவரம் இல்லை.

அந்த அழைப்புகள் எப்படி வரும் என்றால், ஓடிபி கொடு என்று யாரும் தொடங்குவதில்லை. “சார் வணக்கம், கருவூலத்திலிருந்து பேசறோம். ஆவணியில சஷ்டியப்தபூர்த்தி வெச்சிருக்கீங்க போல, வாழ்த்துகள். உங்க பென்ஷன் ஆர்டர்ல ஒரு சின்னத் திருத்தம்” என்றுதான் தொடங்கும். லைஃப் சர்டிபிகேட் புதுப்பிக்க வேண்டும் என்பார்கள். பெயர், ஊர், பதவி, பிள்ளைகள் பெயர் எல்லாம் சரியாகச் சொல்பவனை நம் பெரியவர்கள் சந்தேகிப்பதில்லை, சந்தேகித்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். பத்திரிகையின் உண்மையான ஆபத்து இதுதான். அது அந்நியன் ஒருவனுக்கு உறவினனைப் போலப் பேசக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அதன் பிறகு ஓர் ஆப்பைப் பதிவிறக்கச் சொல்வான், அல்லது லிங்க் அனுப்புவான், அல்லது அடுத்த வாரம் வேறொருவன் போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து “டிஜிட்டல் அரெஸ்ட்” என்பான். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. இதை அப்பாவிடம் விழாவுக்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.

நிச்சயம் இல்லாதவற்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். குரலை நகலெடுக்கும் மென்பொருள் இருக்கிறது, சிறிய ஒலிப்பதிவு அதற்குப் போதும் என்பது உறுதி. விழாவில் நீங்கள் பேசும் ஏற்புரை வீடியோவை எடுத்து உங்கள் குரலில் அப்பாவிடம் பணம் கேட்பார்களா என்றால், தொழில்நுட்ப அளவில் முடியும். நான் விசாரித்த புகார்களில் குரல் நகல் என்று நிரூபணமானது எதுவும் இல்லை. பதற்றத்தில் இருப்பவருக்கு எந்தக் குரலும் மகன் குரலாகக் கேட்கும் என்பதால், நகலா இல்லையா என்று பிறகு சொல்வதும் கடினம். அதேபோல, ஒரு குறிப்பிட்ட மோசடிக்கான தகவல் முகநூலிலிருந்துதான் போனது என்று பெரும்பாலும் யாராலும் காட்ட முடியாது, காரணம் தகவல் கசியும் இடங்கள் பல. 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு பாட்டில் (கேட்டதற்குத் தானாகப் பதில் அனுப்பும் நிரல்) கைபேசி எண்ணைக் கொடுத்தால் தடுப்பூசி போட்டவர் பெயர், அடையாள எண் எல்லாம் வந்ததாகச் செய்தி வெளியானது. அரசின் கோவிட் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினின் தரவுத்தளத்தை அந்த பாட் நேரடியாகத் தொடவில்லை, வேறெங்கோ முன்பே திருடிய தரவு அது என்று அரசு சொன்னது. எது எங்கிருந்து போனது என்பதில் கருத்து வேறுபாடு, ஏதோ ஒன்று போயிருக்கிறது என்பதில் இல்லை. ஆகவே நீங்கள் பத்திரிகையைப் போடாமல் இருப்பதாலேயே அப்பாவின் விவரம் யாரிடமும் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டம் நம்மைக் காக்காதா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்குக்குத் தன் பெயரைக் கொடுத்தவர் கே.எஸ். புட்டசாமி, ஓய்வு பெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி. 2012-ல் மனுப் போட்டபோது அவருக்கு 86 வயது. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லலாம், அறுபதில் தனியுரிமை பற்றி யோசிப்பது சீக்கிரம்தான் என்று. அதற்குப் பிறகு 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். ஆனால் அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படியுங்கள். ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவலுக்கு அது பொருந்தாது. ஒருவர் தன்னைப் பற்றித் தானே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கும் பொருந்தாது. அப்பா தானாக முகநூலில் போட்டால், அதை எடுத்துத் தொகுத்து விற்பவன் மீது இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது கடினம் என்பதே என் வாசிப்பு. ஏமாற்றினால் குற்றவியல் சட்டம் இருக்கிறது, அது வேறு.

அப்பாவின் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நீங்கள் கேலி செய்யக் கூடாது. நான் பிறந்த ஊரில் யார் எந்த நட்சத்திரம், யாருக்கு எந்த மாதம் கண்டம், யார் வீட்டில் எவ்வளவு கடன் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதில் கஷ்டமும் இருந்தது. ஒரு பெண் எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்பதை ஊர் கணக்கு வைத்திருந்ததையெல்லாம் மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ எனக்கு மனசில்லை. ஆனால் அங்கே தெரிதல் இருபக்கமும் இருந்தது. என்னைப் பற்றித் தெரிந்தவனைப் பற்றி எனக்கும் தெரியும். அவன் அப்பன் யார், எங்கே குடியிருக்கிறான் என்று தெரியும். தப்புச் செய்தால் டீக்கடையில் முகம் காட்ட வேண்டும். உங்கள் அப்பா அந்த ஊரை நினைத்துக்கொண்டுதான் முகநூலில் பத்திரிகையை நீட்டுகிறார். அதை வாங்கிக்கொள்பவர்களில் ஒருபக்கமாகத் தெரிந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் முகம் அவருக்குத் தெரியாது. வயதானவர்களுக்குத் தொழில்நுட்பம் புரிவதில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர்களுக்கு மனிதர்கள் புரியும், இந்த ஒருபக்க ஏற்பாடுதான் பழக்கமில்லை.

என்ன செய்யலாம் என்றால், அறுபதைக் கொண்டாடாமல் இருக்க வேண்டாம், ஊருக்குச் சொல்லாமலும் இருக்க வேண்டாம். முழுப் பத்திரிகையை நேரிலும் உறவினர் வாட்ஸப் குழுவிலும் கொடுங்கள். குழுவிலிருந்து வெளியே போகும்தான், அது நம் கையில் இல்லை, ஆனாலும் தேடுபொறியில் நிற்பதற்கும் சித்தப்பாவின் கைபேசியில் கிடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பொதுவில் போட வேண்டுமென்றால் அப்பா அம்மா படமும் “அறுபதாம் ஆண்டு நிறைவு, வாழ்த்துங்கள்” என்ற ஒரு வரியும் போதும். அதையும் விழா முடிந்து வீடு திரும்பிய பிறகு போடுங்கள். குடும்பம் முழுவதும் இரண்டு நாள் திருக்கடையூரில் இருக்கும், வீடு பூட்டியிருக்கும் என்று தேதி போட்டு அறிவிப்பது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. கிளம்பும் முன் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், பூட்டிய வீடுகளை ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். பத்திரிகையில் தொடர்பு எண்ணாக வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணைக் கொடுத்திருந்தால், மறு அச்சு வேண்டாம், அனுப்பும் படத்தில் மட்டும் மறைத்துவிடுங்கள்.

பத்திரிகையைவிட அவசரமானவை வீட்டுக்குள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்காருங்கள். ஏடிஎம் பின், யுபிஐ பின், கைபேசிப் பூட்டு எதிலாவது 1966-ஓ மே மாதத் தேதியோ இருந்தால் மாற்றுங்கள். ஆதாரில் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கருவிழிப் பதிவுகளை, பூட்டிவைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். இனி எங்காவது ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க் செய்த நகலைக் கொடுக்கட்டும், அதையும் வீட்டில் பிரின்ட் எடுத்து. அவர் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். அவர் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கிரெடிட் அறிக்கையில் பார்க்கலாம். ஓய்வுப் பணம் ஏடிஎம் கார்டும் யுபிஐயும் இணைந்த அதே சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது என்றால், அதைப் பிரித்து வேறு கணக்கிலோ வைப்புத்தொகையிலோ போடுங்கள், இதை இன்றே செய்யலாம். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அவர் கைபேசியிலும் அம்மா கைபேசியிலும் பதிந்துவையுங்கள். பணம் போனது தெரிந்த உடனே அழைத்தால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த வாய்ப்பு வேகமாகக் குறையும். அம்மா கைபேசி என்று சொன்னதைக் கவனியுங்கள். ஏமாந்த ஆண்கள் பெரும்பாலும் வெட்கத்தில் மணிக்கணக்கில் யாரிடமும் சொல்வதில்லை, வீட்டில் முதலில் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது மனைவிதான்.

முகநூலில் இருக்கும் மே மாதத் தேதியை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். எடுத்துவிடுவது நல்லது. வாழ்த்து வராவிட்டால் அவர் முகம் வாடும் என்றால், அங்கே நாளையும் மாதத்தையும் தனியாக, ஆண்டைத் தனியாக மறைக்க வழி இருக்கிறது. ஆண்டை “நான் மட்டும்” என்றும், நாளை “நண்பர்கள்” என்றும் வைத்துவிட்டு, அந்த நண்பர் பட்டியலில் அவருக்கு முகமே தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை அவரோடு சேர்ந்து பாருங்கள்.